1-ஐ 0 ஆக்கப் போன கதை: கிட்டுக்கு நாங்கள் அனுப்பிய முதல் பேட்ச்

போன செவ்வாய்க்கிழமை இரவு எங்கள் பேட்ச் (மூலக் குறியீட்டில் செய்த திருத்தம்) கிட்டின் மாஸ்டர் என்ற முதன்மைக் கிளையில் சேர்ந்தது. கிட் என்பது கோப்புகளில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள். கழிந்தது 11 வரி, கூடியது 19 வரி. இதற்குப் பிடித்த காலம் 71 நாள். எதைச் சரிசெய்யக் கிளம்பினோமோ அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்பது தனி வேடிக்கை. அதைத் தொட வேண்டாம் என்று நாங்களே விட்டுவிட்டோம். மறப்பதற்குள் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நாங்கள் என்றால் நானும், அலுவலகத்தில் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்காரும் தம்பியும். நான் சி மொழியில் கடைசியாக உருப்படியாக எழுதிப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அவன் ஜாவாஸ்கிரிப்டைத் தாண்டி வந்ததில்லை. அன்றாடம் கிட்டைப் பயன்படுத்துகிறோம், அவ்வளவுதான் எங்கள் தகுதி.

வேலை நேரம் போக, ஆறு, ஏரி, வாய்க்கால் பெயர்களையும் அவற்றைப் பற்றிய குறிப்புகளையும் சேர்த்து வைக்கிறோம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கோப்பு. கோப்பின் பெயரும் தமிழிலேயே. அங்கேதான் தொடங்கியது எரிச்சல். எந்தக் கோப்பு மாறியது என்று காட்டும் கிட் ஸ்டேட்டஸ் கட்டளையைப் போட்டால் கொள்ளிடம் என்ற பெயர் இப்படி ஆரம்பிக்கும்: "\340\256\225\340\257\212\340\256\263... எழுத்துகளைப் பைட்களாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். கிட் ஒவ்வொரு பைட்டையும் ஒரு சாய்கோடும் மூன்று எட்டடிமான (0 முதல் 7 வரை) இலக்கமுமாக எழுதுகிறது. கொள்ளிடத்தில் நம் கணக்குக்கு ஐந்து எழுத்து, கணினிக் கணக்கில் ஒன்பது குறியீடு, ஆக 27 பைட். திரையில் 108 குறிகள். அர்ச்சனை எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று தம்பி சிரித்தான்.

இதற்கு மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோர்.க்வோட்பாத் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் பெயர் பெயராகத் தெரியும். ஆனால் புதிதாக யார் எங்கள் தொகுப்புக்குள் வந்தாலும் முதல் நாள் இந்த எண்களைப் பார்த்து மிரண்டு கேட்பார்கள். நானும் பதில் சொல்லிச் சலித்துவிட்டேன். "ஏன்க்கா, இதை அவங்க பக்கமே மாத்திட்டா என்ன?" என்று அவன் கேட்டான். சரி, பார்ப்போம் என்றேன்.

முதல் நான்கு நாள் கட்டியெழுப்பும் வேலையில், அதாவது மூலத்தைக் கம்பைல் செய்து ஓடும் நிரலாக்குவதில், போனது. மூலத்தை இறக்கியதும் மேக் கட்டளையில் டெவலப்பர்=1 என்று சேர்த்து ஓட்டச் சொல்லியிருந்தது அவர்களுடைய ஆவணம். அதைப் போட்டால் கம்பைலர் எச்சரிக்கைகூடப் பிழையாகி நின்றுவிடும். முதல் ஓட்டத்தில் கர்ல் என்ற நூலகத்தின் ஹெடர் இல்லை என்று நின்றது. அடுத்து எக்ஸ்பேட். அடுத்து கெட்டெக்ஸ்ட். ஒவ்வொன்றாக நிறுவிக்கொண்டிருக்காமல், உபுண்டுவில் லிப்கர்ல், எக்ஸ்பேட், இசட்லிப், ஓப்பன்எஸ்எஸ்எல் நான்கின் டெவ் பொதிகளையும் கெட்டெக்ஸ்டையும் ஒரே வரியில் போட்டுவிட்டு ஆரம்பித்திருக்கலாம். என் நான்கு கோர் மடிக்கணினியில் முதல் கம்பைல் மூன்றரை நிமிடம். முந்தைய கம்பைலைச் சேமித்து வைக்கும் சிகேஷ் போட்ட பிறகு மறு கம்பைல் இருபது நொடிக்குள்.

தம்பி பாடு வேறு. அவனிடம் இருந்தது விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ். மூலத்தை விண்டோஸின் சி டிரைவிலேயே வைத்திருந்தான். கம்பைல் ஆயிற்று. சோதனைத் தொகுதியை ஓடவிட்டால் ஒரு மணி ஐம்பது நிமிடம் கழித்தும் பாதிகூடத் தாண்டவில்லை, ஆங்காங்கே கோப்பு அனுமதி சம்பந்தமான சோதனைகள் விழுந்துகொண்டிருந்தன. அவற்றைக் கிட்டின் குறை என்று நினைத்து ஒரு முழு மாலை தோண்டினான். எல்லாவற்றையும் லினக்ஸ் பக்கத்து ஹோம் அடைவுக்கு நகர்த்தியதும் அந்தச் சோதனைகள் தாமாகவே பச்சையாகிவிட்டன. அந்த மாலையை அவனுக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

சோதனைக் கோப்புகள் ஆயிரத்தை ஒட்டி இருக்கின்றன. எல்லாம் டி என்ற அடைவுக்குள் ஷெல் ஸ்கிரிப்ட்டுகளாக, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்புகளாக. பெயரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இலக்கம் குடும்பத்தைச் சொல்லும்: 0 அடிப்படை, 4 டிஃப் (வேறுபாடு காட்டுவது), 5 புல்-புஷ் (இழுப்பது, தள்ளுவது) வகையறா, 7 அன்றாடக் கட்டளைகள், இப்படி. என் கணினியில் முழு ஓட்டம் 34 நிமிடம். பல சோதனைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் புரூவ் கருவியை நான்கு ஜாப்போடு ஓட்டி, தற்காலிக அடைவுகளை ரூட் விருப்பத்தின் வழியே நினைவகத்தில் வைத்ததும் 21 நிமிடமாக இறங்கியது. நினைவகம் 8 ஜிபிதான் என்பதால் பிரவுசரை மூடிவைக்க வேண்டியிருந்தது. பழைய சாமான் கடையில் 1,400 ரூபாய்க்கு இன்னொரு 8 ஜிபி துண்டு வாங்கிச் செருகினேன். இந்த முழு முயற்சியிலும் கையை விட்டுப் போன காசு அது ஒன்றுதான்.

ஆறாவது நாள் மாற்றத்தைச் செய்தோம். க்வோட்.சி கோப்பில் கோர்.க்வோட்பாத்துக்கான ஒரு மாறி, ஆரம்ப மதிப்பு 1. அதை 0 ஆக்கினோம். ஒரு எழுத்து. கொள்ளிடம் கொள்ளிடமாகவே திரையில் வந்தது. இரண்டு பேரும் டீ குடிக்கப் போனோம்.

திரும்பி வந்து பார்த்தால் டி3902 விழுந்து கிடந்தது. பெயர்களை மேற்கோள் குறிக்குள் போடும் முறையைச் சோதிக்கும் கோப்பு அது. அதில் மாதிரிக் கோப்புப் பெயர்களாக ஜப்பானிய எழுத்துகள் இருந்தன. என்னவென்று தேடினால் ஹமானோ என்ற குடும்பப் பெயரும் ஜுன் என்ற எழுத்தும். 2005 ஏப்ரலில் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட்டை அதே ஆண்டு ஜூலை முதல் பராமரித்து வருபவர் ஜுனியோ ஹமானோ. தம் பெயரையே சோதனைப் பொருளாக்கி வைத்திருக்கிறார்கள். ஆக, ஆங்கிலம் அல்லாத பெயர்களை யாரும் யோசிக்கவில்லை என்று நான் மனதுக்குள் கட்டி வைத்திருந்த குற்றச்சாட்டு அங்கேயே கரைந்தது. யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்த மாறியின் பெயரைக் மாற்றங்களின் வரலாற்றைக் காட்டும் கிட் லாகில் எஸ் விருப்பத்தோடு தேடினோம். ஒரு சொல் எந்தக் கமிட்டில் (பதிந்த மாற்றத்தில்) நுழைந்தது, எதில் நீங்கியது என்று அது காட்டிவிடும். 2007 ஜூனில்தான் கோர்.க்வோட்பாத் என்ற அமைப்பே வந்திருக்கிறது. அதற்கு முன் இதை அணைத்து வைக்க அமைப்பு எதுவும் கிடையாது. கிட்டுக்குக் கோப்புப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. அது யூடிஎஃப்-8-ஆ, வேறு ஏதாவது பழைய குறிமுறையா என்று அதற்குத் தெரியாது, கேட்பதும் இல்லை. பேட்ச்கள் மின்னஞ்சலில் போய்வந்த உலகம். தெரியாத பைட்டை அப்படியே கொட்டுவதைவிடப் பாதுகாப்பான எழுத்தில் தருவது நியாயம்தான். ஆனாலும் நான் மனம் மாறவில்லை. அதெல்லாம் அப்போது, இப்போது எல்லோரும் யூடிஎஃப்-8 என்று சொல்லிக்கொண்டு, மாற்றிய கிட்டையே அன்றாட வேலைக்கும் வைத்துக்கொண்டோம்.

பதினைந்தாவது நாள் மாட்டிக்கொண்டோம்.

தம்பி பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட ஒரு பட்டியலை மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, கோப்புகளைத் தொகுப்பில் சேர்த்தான். நான் இழுத்துப் பார்த்தால் என் கணினியில் கொள்ளிடம் இரண்டு முறை வருகிறது. ஒரே அடைவில், ஒரே பெயரில், இரண்டு கோப்பு. ஒன்றைத் திருத்தினால் மற்றது மாறவில்லை. பெயரைத் தட்டச்சு செய்து, கோப்பை நீக்கும் கிட் ஆர்எம் போட்டால் எப்போதும் ஒன்றே போகிறது. நாங்கள் மாற்றிய கிட்டில்தான் ஏதோ உடைந்துவிட்டது என்று முடிவுகட்டி, எங்களுடைய அந்த ஓரெழுத்து மாற்றத்தை இரண்டு மணி நேரம் உற்றுப் பார்த்தேன். ஓரெழுத்தில் என்னத்தைப் பார்ப்பது?

கடைசியில் தற்செயலாக, கணினியோடு வந்த பழைய கிட்டில், கோப்புப் பெயர்களைப் பட்டியலிடும் எல்எஸ்-ஃபைல்ஸ் ஓட்டினேன். எண்கள் வரிசையாக வந்தன. ஒரு வரி மற்றதைவிட 12 குறி நீளம். நான் தட்டச்சு செய்த கொகரத்தில் ஒகரக் குறி ஒரே குறியீடு: \340\257\212. மாற்றி தந்ததில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனி: \340\257\206\340\256\276. கண்ணுக்கு இரண்டும் கொ. பைட்டுக்கு வேறு வேறு. லினக்ஸ் கோப்பு முறைமை இரண்டையும் வேறு பெயர்களாகவே எடுத்துக்கொள்ளும். ஆப்பிளின் மேக் கணினிக்கென்று இப்படிப் பிரிந்த குறிகளைச் சேர்த்துப் படிக்க கிட்டில் தனி அமைப்பு ஒன்று உண்டு. லினக்ஸில் அது கிடையாது.

எந்த எண்களைத் திரையிலிருந்து ஒழிக்கக் கிளம்பினேனோ, அவைதான் விஷயத்தைக் காட்டிக்கொடுத்தன. நாங்கள் மாற்றிய கிட்டில் இருந்தவரை இரண்டு கொள்ளிடமும் ஒன்றுபோல் சிரித்துக்கொண்டிருந்தன.

அதற்கு மேல் இயல்பு மதிப்பை மாற்றச் சொல்லி எழுத எனக்கு மனம் வரவில்லை. தம்பிக்கு இன்னும் கொஞ்சம் ஆசை இருந்தது. இந்த வெளியீட்டை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட்டுகள் உலகத்தில் எத்தனை இருக்கும், அவை எல்லாம் பெயர்களை மேற்கோள் இல்லாமல் அப்படியே தரும் இசட் விருப்பம் போட்டுத்தான் பெயர்களை வாங்குகின்றன என்று நம்மால் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவனே எங்கள் சொந்தத் தொகுப்பில் இருந்த ஒரு ஸ்கிரிப்ட்டைத் திறந்து பார்த்தான். இசட் இல்லை. இரட்டை மேற்கோள் குறியில் தொடங்கினால் தமிழ்ப் பெயர் என்று அனுமானித்திருந்தோம். எழுதியது நான்தான். பதினேழாவது நாள் அந்தக் கிளையை அழித்தோம்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கம்பைல் ஆகும் மூலம் கையில் இருக்கிறது, சோதனை ஓடுகிறது, இரண்டு பேருக்கும் வழி பழகிவிட்டது. வெறுங்கையோடு திரும்ப அவனுக்கு விருப்பமில்லை. புதியவர்களுக்கு ஏற்றது என்று கிட் உருவாக்குநர்கள் சுட்டிக்காட்டும் சின்ன வேலைகளில் ஒன்றை எடுத்தோம். சோதனை ஸ்கிரிப்ட்டுகளில் கிட் கட்டளையின் வெளியீட்டைப் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் குழாய்) வழியாக, சொல் தேடும் கிரெப்புக்குத் தள்ளும் இடங்கள் பல பழைய கோப்புகளில் மிச்சம் இருக்கின்றன. ஷெல் பைப்பில் கடைசிக் கட்டளையின் வெளியேற்ற மதிப்பை (சரியாக முடிந்ததா இல்லையா என்பதை) மட்டுமே பார்க்கும். கிட் வரியை அச்சிட்டுவிட்டு உடனே செத்து விழுந்தாலும் கிரெப்புக்குத் தேடியது கிடைத்துவிட்டால் சோதனை பச்சை. வெளியீட்டை முதலில் ஒரு கோப்பில் எழுதி, கிட் சரியாக முடிந்ததா என்று பார்த்து, அதற்கப்புறம் கிரெப் செய்தால் அந்த ஓட்டை அடைபடும். 7-ல் தொடங்கும் ஒரு கோப்பில் இப்படி ஏழு இடம் கிடைத்தது. அதிலேயே நான்கு இடத்தில் கோப்பு இருக்கிறதா என்று வெறும் டெஸ்ட் -எஃப் கொண்டு பார்த்திருந்தார்கள். விழுந்தால் எதனால் விழுந்தது என்று அது வாய் திறக்காது. அதற்கென்று இருக்கும் துணைச் செயல்கூறு சொல்லும்.

அரை மணி நேர வேலை என்று நினைத்தோம். முதல் திருத்தத்தில் ஒரு வரியின் முடிவில், கட்டளைகளைச் சங்கிலியாக்கும் இரட்டை ஆம்பர்சாண்ட் (&&) விட்டுப்போயிற்று. சோதனை நூலகமே சங்கிலி அறுந்திருக்கிறது என்று இடத்தோடு காட்டி நிறுத்திவிட்டது. அது நல்லது. இரண்டாவது தவறுதான் சுற்றலில் விட்டது. வெளியீட்டை ஆக்சுவல் என்ற கோப்பில் எழுதினோம். திருத்திய சோதனை பச்சை. அதிலிருந்து இரண்டு தள்ளி, நாங்கள் தொடாத ஒரு சோதனை சிவப்பு. தம்பி அதன் குறியீட்டைப் புரிந்துகொள்ள ஒரு மணி நேரம் செலவிட்டான். ஸ்கிரிப்ட்டை வி, ஐ இரண்டு விருப்பங்களோடு ஓட்டினால் முதல் தோல்வியிலேயே நின்று, தற்காலிக அடைவை அப்படியே விட்டுவைக்கும். உள்ளே போய்ப் பார்த்தோம். அந்தச் சோதனை, அடைவில் உள்ளதையெல்லாம் கிட் ஆட் செய்கிறது, அதாவது அடுத்த கமிட்டுக்குச் சேர்க்கிறது. நாங்கள் போட்டுவிட்டு வந்த ஆக்சுவல் கோப்பும் அதோடு உள்ளே போயிருக்கிறது. சோதனை முடிந்ததும் துடைத்துவிடும் டெஸ்ட்-வென்-ஃபினிஷ்ட் வரி ஒன்று சேர்த்ததும் சரியாயிற்று. பத்தொன்பதாவது வரி அதுதான்.

இதற்கிடையே ஒரு தடை எங்கிருந்தோ வந்தது. கமிட்டின் அடியில் சைன்ட்-ஆஃப்-பை என்ற வரி வேண்டும். இதைத் தரும் உரிமை எனக்கு இருக்கிறது என்று கையொப்பம் இடுவது போல. அலுவலக ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்தால், வேலையில் இருக்கும்போது நாங்கள் எழுதும் எதுவும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று பொருள்கொள்ளும்படி ஒரு வாக்கியம். மேலாளரிடம் கேட்டோம். அவர் சட்டப் பிரிவைக் கேட்டார். ஆறு நாள் கழித்து, சொந்த நேரத்தில் சொந்தக் கணினியில் என்றால் சரி என்று ஒரு வரி வந்தது. இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

பெயரிலும் ஒரு சின்னக் குழப்பம். தம்பியின் கிட் அமைப்பில் இனிஷியல் பெயருக்கு முன்னால். அவனுடைய மின்னஞ்சலில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராகப் பின்னால். நமக்கு இரண்டும் ஒரே ஆள். ஆனால் கமிட்டின் ஆசிரியர் பெயரும் கையொப்ப வரியும் ஒன்றாக இருக்க வேண்டும். எது என் பெயர் என்று அவனே ஒரு நாள் யோசித்து, முன்னால் இனிஷியல் என்று தீர்மானித்தான்.

பேட்ச் கிட் உருவாக்குநர்களின் மின்னஞ்சல் பட்டியலுக்கு மின்னஞ்சலில் போக வேண்டும். கிட்டில் அதுதான் வழக்கம். கிட்ஹப் தளத்தில் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கும் கோரிக்கை) எழுப்பினால் அதை மின்னஞ்சலாக்கி அனுப்பும் கிட்கிட்காட்ஜெட் என்ற பாலமும் இருக்கிறது. முறையைப் பழக வேண்டும் என்று நாங்கள் நேர்வழியே போனோம். உபுண்டுவில் கிட் சென்ட்-ஈமெயில் தனிப் பொதியாக வருகிறது, கிட்-ஈமெயில் என்று தேடி நிறுவ வேண்டும். ஜிமெயிலில் இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருந்தால் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்று எடுத்தால்தான் வேலை செய்யும். போர்ட் 587. ஹெச்டிஎம்எல் மின்னஞ்சலை அந்தப் பட்டியல் ஏற்காது. முதலில் எனக்கே அனுப்பி, வந்ததைச் சேமித்து கிட் ஏஎம் கொண்டு வேறொரு கிளையில் ஒட்டிப் பார்த்தேன். அலுவலக அஞ்சல் வழியாகவும் சோதித்தோம். அது அடியில் நான்கு வரி இரகசிய எச்சரிக்கை ஒட்டி, டேப்களை எல்லாம் இடைவெளியாக்கித் தந்தது. பேட்ச் ஒட்டவில்லை. இந்த ஒத்திகை இல்லாவிட்டால் ஊர் முன்னால் அவமானப்பட்டிருப்போம்.

34-ஆம் நாள் அனுப்பினோம். பதில் இல்லை. மூன்று நாள், ஐந்து நாள். தம்பி காலையில் வந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பான். நேரம் தெரியாமல் அனுப்பியிருந்தோம் என்பது அப்புறம் புரிந்தது. ஒரு வெளியீட்டுக்கு முந்தைய ஆர்சி (இறுதிச் சோதனை) கட்டம் அது. அப்போது எல்லோர் கவனமும் புதிதாக உடைந்தவற்றின் மேல் இருக்கும், சுத்தம் செய்யும் வேலைகள் காத்திருக்கும். வெளியீட்டுத் தேதியைப் பார்த்துவிட்டு அனுப்பியிருந்தால் அந்த ஒன்பது நாள் மிச்சம்.

43-ஆம் நாள் முதல் மதிப்பாய்வு வந்தது. திட்டு இல்லை, பாராட்டும் இல்லை. நான்கு விஷயம், ஒவ்வொன்றும் எங்கள் பேட்சின் அந்தந்த வரிக்குக் கீழேயே. ஒன்று, பைப்பை நீக்குவதும் டெஸ்ட் -எஃப் மாற்றுவதும் இரண்டு வேறு காரியங்கள், ஏன் ஒரே பேட்சில்? இரண்டு, தலைப்பில் பெரிய எழுத்தும் முற்றுப்புள்ளியும். மூன்று, வெளியீட்டைத் திசைதிருப்பும் குறிக்குப் பின்னால் இடைவெளி விட்டிருக்கிறோம், இங்கே அந்த வழக்கம் இல்லை. நான்காவதுதான் பெரியது. கமிட் செய்தியில் என்ன செய்தோம் என்று எழுதியிருந்தோம். அது பேட்சைப் பார்த்தாலே தெரியும், ஏன் செய்தீர்கள் என்று எழுதுங்கள் என்றார்.

இந்த நான்காவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. அலுவலகத்தில் நாங்கள் எழுதும் கமிட் செய்தி "பிழை திருத்தம்", "மீண்டும் திருத்தம்", "இது கடைசி" என்ற தரத்தில் இருக்கும். இங்கே முதல் பத்தியில் இப்போது நிலைமை என்ன, அதில் என்ன கோளாறு என்று நிகழ்காலத்தில் எழுத வேண்டும். அப்புறம் குறியீட்டுக்கு ஆணையிடுவது போல, இதை இப்படி மாற்று என்று. தம்பி எழுதினான், நான் அடித்தேன். நான் எழுதினேன், அவன் "இதுல கிட் செத்தா என்ன ஆகும்னு எங்கக்கா இருக்கு?" என்றான். இல்லைதான். ஐந்தாவது வரைவில்தான் அந்த வாக்கியம் வந்து உட்கார்ந்தது. எட்டு வரிச் செய்திக்கு இரண்டு பேரும் சேர்ந்து மூன்று மணி நேரம்.

இரண்டாம் பதிப்பை 46-ஆம் நாள் அனுப்பினோம், இரண்டு பேட்ச்களாக, மேலே ஒரு அட்டைக் கடிதத்தோடு. பழையதற்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் என்று காட்டும் ரேஞ்ச்-டிஃப்பையும் அதில் சேர்த்தோம். 2018-இல் வந்த 2.19 பதிப்பிலிருந்து இது கிட்டுக்குள்ளேயே இருக்கிறது. மதிப்பாய்வு செய்பவருக்கு எல்லாவற்றையும் மறுபடி படிக்கும் வேலை இல்லை. இவ்வளவு ஒழுங்காகச் செய்துவிட்டு, முந்தைய உரையாடலோடு இணைக்கும் இன்-ரிப்ளை-டூ விருப்பத்தைப் போட மறந்துவிட்டோம். எங்கள் இரண்டாம் பதிப்பு தனியாக, அநாதையாகப் போய் நின்றது. பழைய இழையில் சுட்டி கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். தம்பி ஒருவருக்குப் பதில் எழுதும்போது எல்லாவற்றுக்கும் மேலே எழுதி, கீழே முழுக் கடிதத்தையும் தொங்கவிட்டான். அலுவலகப் பழக்கம். ஒருவர் தனியாகச் சொல்லித் திருத்தினார்.

அடுத்து ஒரு சங்கடம். ஒரு மதிப்பாய்வாளர், வெறும் கிரெப்புக்குப் பதில் டெஸ்ட்-கிரெப் என்ற துணைச் செயல்கூறைப் பயன்படுத்தலாமே, விழுந்தால் கோப்பில் என்ன இருந்தது என்று காட்டுமே என்றார். இன்னொருவர், அது இந்தப் பேட்சின் வேலை இல்லை, எல்லையை நீட்ட வேண்டாம் என்றார். இரண்டு பேரும் எங்களைவிடப் பல வருடம் மூத்தவர்கள். யார் சொல்வதைக் கேட்பது? இரண்டு நாள் சும்மா இருந்தோம், அவர்களுக்குள் பேசி முடிவுக்கு வருவார்கள் என்று. யாரும் பேசவில்லை. பேட்ச் எங்களுடையது, முடிவும் நாங்கள்தான் சொல்ல வேண்டும் என்பது அந்த மௌனத்தில்தான் உறைத்தது. நாங்கள் எப்படியும் தொடும் ஏழு வரியில் மட்டும் மாற்றுகிறோம், கோப்பில் மற்ற இடங்களைத் தொடவில்லை, காரணம் இது என்று எழுதி 52-ஆம் நாள் மூன்றாம் பதிப்பை அனுப்பினோம். இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் கையில் வேலை இல்லை. பேட்ச் முதலில் சீன் என்ற கிளையில் தெரிந்தது. அது வந்த எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் இடம், அங்கே வந்தால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தமில்லை. எந்தத் தலைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று அடுப்பில் என்ன வேகிறது என்கிற பாணியில் அவ்வப்போது ஒரு பட்டியல் வரும். அதில் எங்கள் இரண்டு பேட்ச்களுக்கும் ஒரு பத்தி. அடுத்து நெக்ஸ்ட் கிளை. அங்கே சில நாள் ஊறிய பிறகு மாஸ்டர். 71-ஆம் நாள்.

இரண்டு பேருமாக 46 மணி நேரம் குறித்து வைத்திருக்கிறோம். குறியீடு எழுதியது அதில் இரண்டு மணி தேறினால் அதிகம். கட்டியெழுப்புவதில் 9, தூக்கியெறிந்த க்வோட்பாத் முயற்சியில் 13, மின்னஞ்சல் ஒத்திகையில் 5, மீதியெல்லாம் படிப்பதிலும் செய்தி எழுதுவதிலும் போனது. அடுத்த முறை அந்த 13-ஐக் குறைப்பேனா என்றால், மாட்டேன். ஆனால் ஓட்டிப் பார்க்கும் முன்னே லாகைப் படித்துவிடுவேன்.

கொள்ளிடம் விவகாரத்தை எங்கள் பக்கத்தில் சரிசெய்தோம். தொகுப்பில், கமிட்டுக்கு முன் தானாக ஓடும் ஒரு ப்ரீ-கமிட் ஹுக், ஒன்பது வரி ஷெல். சேர்க்கப்போகும் கோப்புப் பெயர்களை இசட் விருப்பத்தோடு வாங்கி, கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் பெயர் இருந்தால் கமிட்டை நிறுத்திவிடும். பழைய பட்டியலில் 31 பெயர் அப்படிச் சிக்கின. என் கணினியில் க்வோட்பாத்தை மறுபடி ஃபால்ஸ் என்றே வைத்திருக்கிறேன், கண்ணுக்கு இதம். கூடவே எண்களைக் காட்டும் ஒரு மாற்றுப் பெயரும் (குறுங்கட்டளை) இருக்கிறது, சந்தேகம் வரும்போது அடிக்க. அதற்கு அர்ச்சனை என்று பெயர் வைத்தது தம்பி.

நேற்று இரவு பத்தரை மணிக்கு அவனிடமிருந்து செய்தி. 5-ல் தொடங்கும் இன்னொரு கோப்பில் 23 பைப் கண்டுபிடித்திருக்கிறான். "அக்கா, இதை எத்தனை பேட்சா வெட்டணும்?" முதலில் வெளியீட்டுத் தேதி எப்போது என்று பார் என்று பதில் போட்டுவிட்டுத் தூங்கினேன்.